ஜார் இருக்கிறது, க்ளாஸ் இல்லையாம்!

கேள்வி: அக்கா, எங்கள் செயலி ஜாவா 8-இல், டாம்கேட் 9 என்ற வெப் சர்வர் மென்பொருளில் ஓடுகிறது. போன வாரம் வேறு சர்வருக்கு மாற்றினோம். அன்றிலிருந்து ஒரு பக்கம் மட்டும் திறக்கவில்லை. லாக்கில் (சர்வரின் பதிவுக் கோப்பில்) ‘நோ க்ளாஸ் டெஃப் ஃபவுண்ட் எரர்: குட் நாட் இனிஷியலைஸ் க்ளாஸ்’ என்று வருகிறது. ஆனால் அந்த க்ளாஸ் (நிரல் துண்டு) உள்ள ஜார் (க்ளாஸ்களைக் கட்டி வைத்த கோப்பு) லிப் ஃபோல்டரில் பத்திரமாக இருக்கிறது. மூன்று முறை மாற்றி வைத்தும் அதே கதைதான்.
– வாசகர், பாயான் லெப்பாஸ், பினாங்கு

பதில்: ஜாரை விடுங்கள் தம்பி, அது பாவம். எரரின் பெயரைப் பார்த்தால் க்ளாஸ் தொலைந்துபோன மாதிரிதான் தோன்றும், அதனால் எல்லோரும் ஜாரைத் தேடி ஓடுகிறார்கள். செய்தியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். க்ளாஸ் நிஜமாகவே கிடைக்காவிட்டால் ஜாவா அதன் பெயரை மட்டும், புள்ளிக்குப் பதில் சாய்கோடு போட்டுக் காட்டும். உங்களுக்கு வந்ததில் ‘குட் நாட் இனிஷியலைஸ்’ இருக்கிறது, பெயரில் புள்ளிகள் இருக்கும். அப்படியென்றால் க்ளாஸ் கிடைத்துவிட்டது. அதை முதன்முதலில் எழுப்பும்போது ஸ்டாட்டிக் பகுதியில் (க்ளாஸ் எழும்போது ஒரே ஒருமுறை ஓடும் வரிகளில்) ஏதோ வெடித்திருக்கிறது.

ஒருமுறை வெடித்த க்ளாஸை ஜாவா மறுபடி எழுப்பிப் பார்க்காது. கெட்டுப்போனது என்று குறித்துக்கொண்டு, அடுத்து யார் கேட்டாலும் இந்த எரரையே நீட்டும். உண்மைக் காரணம் முதல் தடவை மட்டும் ‘எக்ஸெப்ஷன் இன் இனிஷியலைசர் எரர்’ என்ற பெயரில் வந்து போயிருக்கும். நீங்கள் சர்வரை மறுபடி தொடங்கியபோதும் வந்திருக்கும். லாக்கின் வாலையே பார்த்துக்கொண்டிருந்தால் அது கண்ணில் படாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். 2018 மே 31. மறுநாள் முதல் மலேசியாவில் ஜிஎஸ்டி 6 விழுக்காட்டிலிருந்து 0. கோலாலம்பூரில் ஒரு நிறுவனத்தின் பில்லிங் செயலி என் பொறுப்பில் இருந்தது. நோன்பு மாதம் என்பதால் இரவு வேலைக்கு நானும் புதிதாகச் சேர்ந்த ஒரு பையனும் மட்டும். ஓர் எழுத்தை மாற்றுவதற்கு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் என்று, ப்ராபர்ட்டீஸ் என்ற அமைப்புக் கோப்பில் 6 இருந்த இடத்தில் ‘0%’ என்று தட்டினேன். ஆமாம், நான்தான். 11.50-க்கு சர்வர் எழுந்தது. 11.52-க்குப் பையன் பில் பக்கத்தைத் திறந்து, “அக்கா, எரர் வருது” என்றான். “இன்னும் முழுசா எழும்பலை போல, இரு” என்று சொல்லிவிட்டுத் தே ஓ (பால் இல்லாத தேநீர்) கலக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது மணி 12.10. லாக்கில் வரிசையாக உங்கள் எரர்தான். மற்ற பக்கங்கள் ஓடிக்கொண்டிருந்ததால் சர்வரை நிறுத்த மனம் வரவில்லை. ஜாரைப் பிரித்துப் பார்த்தேன், பழைய ஜாரோடு ஒப்பிட்டேன். கீழே காவலாளி சஹூர் என்ற விடியற்கால நோன்பு உணவுக்கு எழுந்துவிட்டார். அப்போதுதான் உறைத்தது: நள்ளிரவில் தேதி மாறியதும் டாம்கேட் புது லாக் கோப்பைத் தொடங்கிவிட்டது. 31-ஆம் தேதிக் கோப்பின் கடைசியில் கிடந்தது விஷயம்: ‘நம்பர் ஃபார்மட் எக்ஸெப்ஷன்: ஃபார் இன்புட் ஸ்ட்ரிங் 0%’. அந்த எண்ணை ஒரு ஸ்டாட்டிக் வரி படித்துக்கொண்டிருந்தது. அந்தப் பையன் இன்றும் எனக்கு விழுக்காட்டுக் குறியை மட்டும் வாட்ஸாப்பில் அனுப்புவான்.

சரி, உங்கள் கதைக்கு வருகிறேன். ஆள் இல்லாத நேரத்தில் சர்வரை நிறுத்தித் தொடங்குங்கள். அந்தப் பக்கத்தை ஒரே ஒருமுறை திறந்துவிட்டு லாக்கைப் பாருங்கள். ‘காஸ்ட் பை’ (இதனால் வந்தது) என்று பல வரிகள் இருந்தால் ஆகக் கீழே உள்ளதைப் படியுங்கள். சர்வர் மாறியது என்கிறீர்கள். பழையதில் இருந்த ஃபோல்டர் பாதையோ என்விரான்மென்ட் வேரியபிளோ (சர்வரில் பதிந்துவைக்கும் அமைப்பு) புதியதில் இல்லை என்பதுதான் என் சந்தேகம். சரியானதும் அதைப் படிக்கும் வேலையை ஸ்டாட்டிக் பகுதியிலிருந்து எடுத்து, செயலி தொடங்கும்போது ஓடும் கான்டெக்ஸ்ட் லிசனரில் வையுங்கள். அங்கே வெடித்தால் செயலியே எழாது, தொடங்கிய கையோடு தெரிந்துவிடும். ஜாவா 17-க்கு மாறினால் முதல் காரணத்தையும் பின்னால் வரும் எரர்களோடு ஒட்டியே காட்டும். அதற்காகவாவது மேலாளரை நச்சரிக்கலாம்.

கேள்வி: இன்ஜெக்ட் போட்ட (கன்டெய்னர் தானே நிரப்பவேண்டிய) ஃபீல்டு எப்போதும் ‘நல்’லாகவே (null, காலியாக) இருக்கிறது. ஏன்?
– வாசகி, கிள்ளான்

பதில்: ‘நல்’லாக இருந்தால் நல்லாக இல்லை என்றுதானே அர்த்தம்! அந்த ஆப்ஜெக்டை நீங்களே ‘நியூ’ போட்டு உருவாக்குகிறீர்களா? அப்படியானால் அது பிறந்ததே கன்டெய்னருக்குத் தெரியாது, எதை நிரப்பும்? இல்லையென்றால் கன்ஸ்ட்ரக்டருக்குள் அந்த ஃபீல்டைத் தொடுகிறீர்கள். கன்ஸ்ட்ரக்டர் முடிந்த பிறகுதான் அது நிரம்பும். வேலையைப் போஸ்ட் கன்ஸ்ட்ரக்ட் போட்ட மெத்தடுக்கு மாற்றுங்கள்.

கேள்வி: டாம்கேட் 9-இலிருந்து 10-க்கு மாறினோம். எரரே இல்லை, ஆனால் எல்லா சர்வ்லெட்டும் (கோரிக்கைக்குப் பதில் தரும் க்ளாஸ்) 404, அதாவது ‘பக்கம் இல்லை’ என்கிறது.
– வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: டாம்கேட் 10-இல் ஜாவாக்ஸ் என்று தொடங்கும் சர்வ்லெட் பேக்கேஜ்கள் ஜகார்த்தா ஆகிவிட்டன. பக்கத்து நாட்டில் இருந்தும் நமக்குச் செய்தி வரவில்லை! பழைய பெயரில் போட்ட வெப்சர்வ்லெட் குறிப்பை அது கண்டுகொள்ளாது, திட்டவும் செய்யாது. இம்போர்ட் வரிகளை மாற்றுங்கள். நேரம் இல்லையென்றால் உங்கள் வார் கோப்பை (செயலியின் மொத்தக் கட்டு) ‘வெப்ஆப்ஸ்-ஜாவாஇஇ’ என்ற ஃபோல்டரில் போடுங்கள், அந்த ஃபோல்டர் இல்லையென்றால் உருவாக்கிக்கொள்ளுங்கள். டாம்கேட்டே மாற்றி எடுத்துக்கொள்ளும்.