ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன், குடலில் நல்ல பாக்டீரியா எல்லாம் செத்துவிட்டதா?

பல் சீழுக்கு ஏழு நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டதில் குடல் பாக்டீரியா மொத்தமும் அழிந்துவிட்டதா, இனி திரும்பவே திரும்பாதா என்று கேட்டிருக்கிறீர்கள். குறைந்திருக்கும், அழிந்திருக்காது. நம் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன, பெரும்பகுதி பெருங்குடலில்தான். ஒரு வார மாத்திரை அத்தனையையும் துடைத்துவிடாது. பெரும்பாலானவை சில வாரங்களில் மறுபடி பெருகிவிடும். உப்புசம், கடமுடா சத்தம் இரண்டையும் விடுங்கள், தானாகச் சரியாகும்.

என்னை உறுத்துவது கடிதத்தின் கடைசி வரி. மாத்திரை முடிந்து ஐந்தாவது நாளிலிருந்து தினமும் ஆறு முறை தண்ணீராகப் போகிறது, போக்கை நிறுத்தும் மாத்திரையை நீங்களே வாங்கிப் போட்டுக்கொள்கிறீர்கள். அதை இப்போதே நிறுத்துங்கள்.

கல்லீரல் சுரக்கும் பித்த அமிலங்களைச் சில குடல் பாக்டீரியாக்கள் வேறு வடிவத்துக்கு மாற்றுகின்றன. அப்படி மாறிய அமிலம் கிளாஸ்டிரிடியம் டிஃபிசில் என்ற கிருமியைத் தலைதூக்க விடாது. ஆன்டிபயாடிக் அந்தப் பாக்டீரியாக்களைக் குறைத்துவிட்டால் காவல் போய்விடுகிறது. விதைபோல் உறங்கிக் கிடந்த கிருமி முளைத்து, பெருங்குடலின் உட்சுவரைப் புண்ணாக்கும் நச்சை விடுகிறது. இந்த நேரத்தில் போக்கை அடைத்தால் நச்சு உள்ளேயே தங்கும். குடல் வீங்கி விரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆன்டிபயாடிக்குக்குப் பின் வரும் எல்லா வயிற்றுப்போக்கும் இதுவல்ல. பெரும்பாலும் சாதாரணமானதுதான். ஆனால் ஒரு நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனால், மாத்திரையை முடித்து இரண்டு மூன்று மாதம் ஆகிவிட்டிருந்தாலும், மலப் பரிசோதனை செய்துதான் தீர வேண்டும். நாளை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், இன்றே மருத்துவரிடம் போங்கள். காய்ச்சல், மலத்தில் ரத்தம், கடும் வயிற்றுவலி, வயிறு பெருத்து இறுகுவது, எழுந்தால் தலைசுற்றல் என ஏதாவது இருந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. அதுவரை உப்பு-சர்க்கரைக் கரைசல் குடியுங்கள். கழிவறை போய்வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சானிடைசர் இந்தக் கிருமியின் விதைகளைக் கொல்லாது.

இணையத்தில் பார்த்து வாங்கிய, நல்ல பாக்டீரியாவை அடைத்து விற்கும் புரோபயாடிக் கேப்சூல் வேண்டாம். ஆன்டிபயாடிக்குக்குப் பின் அதைச் சாப்பிட்டவர்களுக்குச் சொந்தப் பாக்டீரியா திரும்புவது தாமதமானதை 2018-ல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் கண்டார்கள். குடல் பாக்டீரியா டெஸ்ட்டுக்கும் பணம் கட்டாதீர்கள். அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு உங்களுக்கு வைத்தியம் செய்ய என்னால் முடியாது. மனம் சோர்ந்திருப்பதும் பாக்டீரியாவாலா என்று கேட்கிறீர்கள். இரவெல்லாம் கழிவறைக்கு ஓடினால் யாருக்குமே சோர்வு வரும். முதலில் போக்கு நிற்கட்டும்.

மருத்துவரிடம் போகும்போது அந்த ஆன்டிபயாடிக்கின் காலி அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள். என்ன மருந்து, எந்தத் தேதியில் முடித்தீர்கள் என்பதை அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.