புற்றுநோய் ஆராய்ச்சியில் புள்ளியியல் படித்தவர்களுக்கு என்ன வேலை?

டாக்டர்கள் சேகரித்த எண்களைக் கணினியில் போட்டாலே விடை வந்துவிடாதா என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். விடை வரும். ஆனால் எதை எதால் வகுக்க வேண்டும் என்று கணினி சொல்லாது. கோவையில் நான் பார்க்கும் வேலையே அதுதான். "ஏங்க, பி வேல்யூ மட்டும் போட்டுக் குடுங்க" (கிடைத்த வித்தியாசம் வெறும் தற்செயலாகவும் வரக்கூடியதா என்று பார்க்க உதவும் எண்) என்று எல்லாம் முடிந்தபின் எக்ஸெல் ஷீட்டோடு வந்து நிற்பவர்கள்தான் அதிகம். வர வேண்டியது ஆய்வு தொடங்கும் முன்.

நம் பக்கத்து உதாரணமே சொல்கிறேன். ஒட்டன்சத்திரம் அருகே அம்பிளிக்கையை மையமாக வைத்து, திண்டுக்கல் மாவட்டத்தில் 2000இல் கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆய்வு ஒன்று தொடங்கியது. பயிற்சி பெற்ற நர்ஸ்கள் கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி வெறும் கண்ணால் பார்ப்பார்கள். இதை ஒரே ஒரு தடவை செய்தால் சாவு குறையுமா என்பது கேள்வி. 30 முதல் 59 வயதுப் பெண்களை எடுத்துக்கொண்டார்கள்.

ஆளாளுக்குக் குலுக்கல் போட்டால் ஒரே வீட்டில் அக்காவுக்குப் பரிசோதனை உண்டு, தங்கைக்கு இல்லை என்றாகும். ஊரில் நடக்கிற காரியமா? அதனால் 114 ஊர்த் தொகுதிகளைக் குலுக்கி, 57இல் பரிசோதனை, 57இல் இல்லை என்று பிரித்தார்கள். இதில் வேறொரு சிக்கல் உண்டு. ஒரே ஊர்ப் பெண்கள் வேலை, வருமானம், கல்யாண வயது எனப் பலவற்றில் ஒத்திருப்பார்கள். ஆயிரம் பேரைச் சேர்த்தாலும் ஆயிரம் தனித்தனிச் சாட்சிகள் கிடைக்காது. அந்தக் குறையை ஈடுகட்ட எத்தனை பேர் கூடுதலாக வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டாக வேண்டும்.

2007இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. பரிசோதனை நடந்த ஊர்களில் 167 பேருக்குப் புற்றுநோய், 83 பேர் சாவு. மற்ற ஊர்களில் 158, 92. அட, பரிசோதனை செய்த பக்கம்தானே நோய் அதிகம்! ஆனால் அந்தப் பக்கம் 49,311 பெண்கள், பரிசோதனை இல்லாத பக்கம் 30,958 பேர்தான். ஒவ்வொருவரையும் எத்தனை வருடம் கவனித்தார்கள் என்று கூட்டினால் 2,74,430 ஆள்-வருடங்களும் 1,78,781 ஆள்-வருடங்களும் வருகின்றன. இதால் வகுத்து, வயது வித்தியாசம் போன்றவற்றையும் சரிக்கட்டியபோது நோய் 25 சதவீதம், சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது இன்னொரு விஷயம். 49,311 பேரில் பரிசோதனைக்கு வந்தவர்கள் 31,343 பேர். வராதவர்களைக் கழித்துவிட்டால் முடிவு இன்னும் அழகாக இருக்குமே என்று யாருக்கும் தோன்றும். கூடாது. வருகிறவருக்குக் கூட்டிவர ஆள் இருக்கலாம், ஒருநாள் கூலியை விட முடியலாம். அவர்களை மட்டும் எண்ணினால் பலன் பரிசோதனையாலா, வசதியாலா என்று பிரிக்கவே முடியாது. ஆகவே வராதவர்களும் அந்தப் பக்கத்துக் கணக்கிலேயே இருந்தார்கள்.

நடுவில் ஒருவர் குடும்பத்தோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டால்? செத்தார் என்றும் எழுத முடியாது, பிழைத்தார் என்றும் எழுத முடியாது. கடைசியாகத் தகவல் கிடைத்த நாள்வரை அவர் கணக்கில் இருப்பார். காப்லான், மையர் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் 1958இல் வெளியிட்ட முறை இன்றும் இதற்குக் கைகொடுக்கிறது.

சரி, கணினியை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? கட்டியின் மரபணுக்களைப் பார்த்தே எந்தக் கீமோ மருந்து கேட்கும் என்று சொல்லிவிடலாம் என அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்திலிருந்து 2006இல் ஒரு கட்டுரை வந்தது. கீத் பாகர்லி, கெவின் கூம்ப்ஸ் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் தரவைத் தோண்டினார்கள். மரபணுப் பட்டியல் ஒரு வரி தள்ளி உட்கார்ந்திருந்தது. மருந்து கேட்கும், கேட்காது என்ற அடையாளங்கள் சில இடங்களில் தலைகீழாக இருந்தன. அதற்குள் இதை நம்பி நோயாளிகளிடமே டிரையல் தொடங்கியிருந்தது. 2009இல் இருவரும் இதைக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். பிறகு டிரையல்கள் நின்றன, 2011இல் மூலக் கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டது.

படிக்கிற எண்ணத்தில் கேட்டிருந்தால், புள்ளியியலில் பி.எஸ்சி. போதும், அப்புறம் வேலூர் சி.எம்.சி.யில் பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் (மருத்துவத் துறைக்கான புள்ளியியல்) எம்.எஸ்சி. இருக்கிறது.