டெர்பியில அடிபட்டா யாரைத் திட்டுறது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல லிவர்பூல் - எவர்ட்டன் டெர்பி, அதாவது ஒரே ஊரு டீம் ரெண்டும் மோதுற ஃபுட்பால் மேட்ச் பத்தி ஒரு பக்கம் எழுதியிருந்தோம். அதுல 2020 அக்டோபர் 17-ஆம் தேதி லிவர்பூல் டிஃபென்டர் வான் டைக்கோட முட்டி போன மேட்ச் பத்தி நாலு வரிதான் இருந்துச்சு, ஆனா வந்த கடிதம், மெயில் எல்லாமே அந்த நாலு வரியைப் பத்திதான். அதனால இந்த வாரம் வேற கேள்வி எதையும் எடுக்கலை.

கேள்வி: நான் சின்ன வயசுலருந்து லிவர்பூல் ஃபேன். எவர்ட்டன் கோல்கீப்பர் பிக்ஃபோர்டு மூஞ்சியை டிவில பார்த்தாலே இன்னைக்கும் பத்திக்கிட்டு வருது. அவர் இங்கிலாந்துக்கு ஆடுறப்பகூட கோல் வாங்கணும்னுதான் நினைக்கிறேன். இது தப்பா சார்? (வியாசர்பாடியிலருந்து ஒரு வாசகர்)

பதில்: கோவம் வர்றது தப்பே இல்ல தம்பி. நம்ம ஊரு நேரத்துக்கு சாயங்காலம் அஞ்சு மணி, நானும் லைவா பார்த்துட்டிருந்தேன். மூணாவது நிமிஷத்துலயே லிவர்பூலோட மானே கோல் அடிச்சாச்சு, சரி இன்னைக்கு நம்ம நாள்தான்னு லிவர்பூல் பக்கம் எல்லாரும் நிமிர்ந்து உக்கார்றதுக்குள்ள பாக்ஸுக்குள்ள வந்த ஒரு பாலுக்கு வான் டைக் ஓடுறார், பிக்ஃபோர்டு ரெண்டு காலையும் கத்தரிக்கோல் மாதிரி விரிச்சுக்கிட்டுப் பாய்ஞ்சு வந்து அவர் முட்டியிலயே விழுறார். பத்து நிமிஷம் தாண்டினதும் வான் டைக் நொண்டிக்கிட்டே வெளிய போறார், இன்னொரு டிஃபென்டர் ஜோ கோமெஸ் உள்ள வர்றார். அதுக்கு முந்தின சீசன்ல, முப்பது வருஷம் கழிச்சு லிவர்பூல் லீக் ஜெயிச்ச சீசன்ல, 38 மேட்ச்லயும் ஒரு நிமிஷம்கூட வெளிய உக்காராம ஆடின மனுஷன் அவர். அப்புறம் நவம்பர்ல கோமெஸுக்கு முட்டி போச்சு, ஜனவரியில டிஃபென்டர் மாட்டிப்புக்குக் கணுக்கால் போச்சு, சொந்த மைதானமான ஆன்ஃபீல்டுலயே லீக்ல வரிசையா ஆறு மேட்ச் தோத்தாங்க. அதுல ஒண்ணு எவர்ட்டன்கிட்ட 2-0, 1999-க்கு அப்புறம் எவர்ட்டன் அங்க ஜெயிச்சதே அன்னைக்குத்தான். இவ்வளவும் அந்த ஒரு பாய்ச்சல்லருந்து ஆரம்பிச்ச மாதிரி ஒரு ஃபேனுக்குத் தோணும், தோணத்தான் செய்யும்.

ஆனா அன்னைக்கு நைட்டே பிக்ஃபோர்டுக்கும் எவர்ட்டனோட ரிச்சார்லிசனுக்கும் கொலை மிரட்டல் போச்சு, போலீஸ் விசாரிக்கிற அளவுக்கு. ரிச்சார்லிசன் மேட்ச் முடியுற நேரத்துல லிவர்பூல் தியாகோ கால்ல ஏறி ரெட் கார்டு வாங்கினவர், அப்புறம் தியாகோகிட்ட பகிரங்கமா மன்னிப்பும் கேட்டார். அதைப் படிக்கக்கூட யாரும் நிக்கலை. நீங்க பிக்ஃபோர்டு கோல் வாங்கணும்னு நினைக்கிறீங்க, அது ஃபேனோட ஆசை, நினைச்சுக்கோங்க. அவர் காலும் அதே மாதிரி போகணும்னு எழுதினவங்களை என்னால மன்னிக்க முடியலை. வான் டைக்குக்கு என்ன நடந்துச்சுனு நெஞ்சு பதறின ஆளு அதே வலியை இன்னொருத்தனுக்கு எப்படிக் கேப்பான்?

இன்னொரு விஷயம், கொரோனா காலம், மேட்ச் நடந்த எவர்ட்டன் மைதானம் குடிசன் பார்க்ல ஒரு ஆள் கிடையாது. கூட்டம் இருந்திருந்தா ஒரு ஆள் எழுந்திருக்க முடியாமக் கிடக்குறதைப் பார்க்குறப்ப அவங்களுக்கே குரல் தாழ்ந்திருக்கும். அன்னைக்குப் பார்த்தவங்க பூரா ஃபோன்ல பார்த்தாங்க, அந்த ஆறு செகண்டை ஸ்லோ மோஷன்ல முப்பது தடவை ஓட்டி ஓட்டிப் பார்த்தாங்க. முப்பதாவது தடவை பார்க்குறவனுக்கு முட்டி தெரியாது, பிக்ஃபோர்டு மூஞ்சி மட்டும்தான் தெரியும்.

கேள்வி: வான் டைக் ஆஃப்சைடுல இருந்தாரு. அப்ப ஃபவுலே கிடையாதே, எதுக்கு இவ்வளவு கத்தல்? (நாகர்கோவில்)

பதில்: ஆஃப்சைடுங்கிறது, அதாவது பாஸ் போடுற நேரத்துல எதிர் டிஃபென்டர்களைத் தாண்டி நிக்கிறது, பெனால்டியைத்தான் இல்லாம பண்ணும். ஒருத்தரோட உடம்புக்கே ஆபத்து வர்ற மாதிரி பாய்ஞ்சா ஆஃப்சைடா இருந்தாலும் ரெட் கார்டு காட்டலாம். அன்னைக்கு ரெஃப்ரி மைக்கேல் ஆலிவர், விஏஆர்னு சொல்ற வீடியோ ரெஃப்ரி ரூம்ல டேவிட் கூட். எல்லாரும் முதல்ல ஆஃப்சைடா இல்லையானு பார்க்குறதுலயே மூழ்கிட்டோம், ஆட்டத்தை ஆஃப்சைடுலயே தொடங்கிட்டு பிக்ஃபோர்டுக்கு ரெட் காட்டியிருக்கணும்னு ஆலிவரே சில மாசம் கழிச்சு ஒரு பேட்டியில ஒத்துக்கிட்டார். விஏஆர் ஏற்கனவே பார்த்த சம்பவம்ங்கிறதால எஃப்ஏவும் (இங்கிலாந்து ஃபுட்பால் சங்கம்) பின்னாடி தடை எதுவும் போடலை. ஃபேன்ஸ் கோவம் போய்ச் சேர வேண்டிய இடம் இதுதான். ரூம்ல உக்கார்ந்து கோடு போட்டு அளந்தவங்க, தரையில கிடந்த ஆளை ஏன் பார்க்கலைனு கேளுங்க, எவ்வளவு சத்தமா வேணாலும் கேளுங்க.

கேள்வி: நான் எவர்ட்டன். எங்க ஆந்த்ரே கோமெஸ் கணுக்கால் திரும்பிக் கிடந்தப்ப இந்த லிவர்பூல்காரங்க எங்க போனாங்க? எங்க வாட்ஸ்அப் குரூப்ல அந்த போட்டோவையே ஸ்டிக்கர் பண்ணி அனுப்பினான் ஒருத்தன். (தூத்துக்குடி)

பதில்: அந்த ஸ்டிக்கர் அனுப்பினவரை குரூப்லருந்து தூக்குங்க, முதல் வேலை அது. அவர் எந்த டீம் ஃபேனா இருந்தாலும் சரி.

ஆனா அந்த நாளைப் பத்தி நீங்க சொல்லாம விட்டதை நான் சொல்றேன். 2019 நவம்பர் 3, அதே குடிசன் பார்க், எதிர்ல டாட்டன்ஹாம். அவங்க ஆட்டக்காரர் சோன் ஹியுங்-மின் பின்னாலருந்து டேக்கிள் போடுறார், கோமெஸ் நிலை தடுமாறி இன்னொரு டாட்டன்ஹாம் ஆளு ஓரியே மேல மோதி விழுறார், கணுக்கால் உடைஞ்சு மூட்டும் விலகிடுச்சு. சோன் பார்த்த மாத்திரத்துல தலையில கை வெச்சுக்கிட்டு அழ ஆரம்பிச்சுட்டார், நிக்கவே முடியலை. ரெட் கார்டு வாங்கி உள்ள போன பிறகும் அழுகை நிக்கலை. அப்ப எவர்ட்டன் கேப்டன் சீமஸ் கோல்மன் டாட்டன்ஹாம் டிரெஸ்ஸிங் ரூமுக்கே போய் சோனைத் தேத்தினார். கோல்மன் யாருனா, 2017 மார்ச்ல அயர்லாந்துக்காக வேல்ஸ்கூட ஆடுறப்ப இதே மாதிரி ஒரு டேக்கிள்ல கால் உடைஞ்சு பல மாசம் வீட்டுல கிடந்தவர். தன் டீம் ஆளு ஆம்புலன்ஸ்ல போயிட்டிருக்கான், அவனைச் சாய்ச்சவன்கிட்ட போய்த் தோள்ல கை போடுறார். அதுக்கு எவ்வளவு பெரிய மனசு வேணும்னு யோசிச்சுப் பாருங்க. அந்த ரெட் கார்டையும் எஃப்ஏ பின்னாடி ரத்து பண்ணிட்டாங்க, மூணு நாள் கழிச்சு பெல்கிரேடுல கோல் அடிச்ச சோன் கொண்டாடலை, கேமராவைப் பார்த்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். கோமெஸ் பிப்ரவரியிலயே திரும்பி வந்துட்டார்.

அப்புறம் உங்க ரெண்டு டீமும் எதிரி எதிரினு சொல்றோமே, 2025-ல எவர்ட்டன் புது ஸ்டேடியத்துக்குப் போற வரைக்கும் ரெண்டு ஸ்டேடியத்துக்கும் நடுவுல ஒரு மைல்தான் இருந்துச்சு, நடுவுல ஸ்டான்லி பார்க். 1989-ல ஹில்ஸ்பரோ ஸ்டேடியத்துல நெரிசல்ல லிவர்பூல் ஃபேன்ஸ் செத்தப்போ, அந்த எண்ணிக்கை கடைசியில 97 ஆச்சு, அந்தப் பார்க் வழியா சிவப்பு ஸ்கார்ஃபையும் நீல ஸ்கார்ஃபையும் முடிச்சுப் போட்டு ஸ்டேடியத்துலருந்து ஸ்டேடியம் வரைக்கும் கட்டின ஊரு அது. ஒரே வீட்டுல அண்ணன் சிவப்பு தம்பி நீலம்னு இருக்குற ஊரு. உங்க குரூப்ல இருக்குறவங்க அந்த ஊரைப் பார்த்தாவது கத்துக்கட்டும்.

கேள்வி: ராய் கீன்தான் ஸ்ட்ரைக்கர் எர்லிங் ஹாலண்டோட அப்பா கரியரை முடிச்சாரு, உண்மைதானே? (ஈரோடு)

பதில்: பாதி உண்மை. 2001 ஏப்ரல் மான்செஸ்டர் டெர்பியில யுனைடெட் கேப்டன் கீன், சிட்டிக்கு ஆடின அப்பா ஹாலண்ட் மேல போட்டது வேணும்னே போட்ட டேக்கிள், அதை அவரே பின்னாடி புத்தகத்துல எழுதப்போய் 5 மேட்ச் தடையும் 1,50,000 பவுண்டு அபராதமும் வாங்கினார். ஆனா கீன் அடிச்சது வலது முட்டி. ஹாலண்டை ரிட்டயர் ஆக வெச்சது ரொம்ப நாளாத் தொந்தரவு பண்ணிட்டிருந்த இடது முட்டி. இதுக்கு விதை 1997-ல, அப்ப ஹாலண்ட் ஆடின லீட்ஸ்கூட நடந்த மேட்ச்ல விழுந்துச்சு. கீன் ஜவ்வு கிழிஞ்சு கீழ கிடக்குறப்ப, நடிக்கிறான்னு நினைச்சு மேல நின்னு கத்தினார் ஹாலண்ட். வலியில கிடக்குற ஆளைப் பார்த்து நடிக்காதடானு சொன்னது நாலு வருஷம் ஒருத்தர் மனசுல அப்படியே கிடந்திருக்கு.

கேள்வி: நம்ம நாட்டுல இந்த மாதிரி நடந்திருக்கா? (கோவை)

பதில்: நடந்திருக்கு, இதைவிட மோசமா. 2012 டிசம்பர் 9, கொல்கத்தா சால்ட் லேக், ஈஸ்ட் பெங்கால் - மோகன் பகான். மோகன் பகான் ஒடாஃபாவுக்கு ரெட் கார்டு காட்டினதும் கேலரியிலருந்து கல்லு பறக்குது, அதுல ஒண்ணு மோகன் பகான் ஆட்டக்காரர் ரஹீம் நபி மூஞ்சியில விழுந்து கன்ன எலும்பு உடைஞ்சுது. அவர் அதுக்கு முன்னாடி ஈஸ்ட் பெங்காலுக்கும் ஆடினவர், ரெண்டு பக்க ஃபேன்ஸும் அவர் பேரைச் சொல்லிக் கத்தியிருக்காங்க. மோகன் பகான் செகண்ட் ஹாஃப் ஆட வரமாட்டோம்னுட்டாங்க, அதுக்கு ரெண்டு வருஷத் தடை, அப்புறம் அதைத் தூக்கிட்டு ரெண்டு கோடி அபராதம். டேக்கிள்ல அடிபட்டா ஆட்டத்தோட ஆபத்துனு சொல்லலாம். பாக்க வந்தவன் கையிலருந்து வந்த கல்லுக்கு என்னனு சொல்றது?

அதே டெர்பிதான் 1980 ஆகஸ்ட் 16-லயும், ஈடன் கார்டன்ஸ்ல. மோகன் பகான் பிதேஷ் போஸ் மேல ஈஸ்ட் பெங்கால் திலீப் பாலித் போட்ட டேக்கிள், ரெண்டு பேருக்கும் ரெட் கார்டு, ஸ்டாண்ட்ல கைகலப்பு, நெரிசல். 16 ஃபேன்ஸ் வீட்டுக்குத் திரும்பலை. இன்னைக்கும் கொல்கத்தாவுல வருஷா வருஷம் அந்தத் தேதியில ரத்த தானம் பண்றாங்க.

கேள்வி: என் பையனுக்கு 14 வயசு, மாவட்ட அளவுல ஆடுறான். போன மாசம் எதிர் டீம் பையன் மோதி முட்டி ஜவ்வு கிழிஞ்சு ஆபரேஷன் முடிஞ்சிருக்கு. அவன் ஃபிரெண்ட்ஸ் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்ப அவனுக்கே அனுப்புறாங்க, மோதின பையனை அடிக்கணும்னு பேசிக்கிறாங்க. அவன் இனிமே ஆட முடியுமா? (சேலத்திலருந்து ஒரு அம்மா)

பதில்: அம்மா, உங்க கடிதத்தைத்தான் முதல்ல படிச்சேன், ரெண்டு தடவை படிச்சேன். பெரும்பாலும் ஆட முடியும்மா, ஆனா அவசரம் மட்டும் கூடவே கூடாது. ஏசிஎல்னு சொல்றாங்களே அந்த ஜவ்வு முழுசா கிழிஞ்சா தானா ஒட்டிக்காது, தொடையோட பின்பக்கத்துலருந்தோ முட்டிச் சில்லுக்குக் கீழருந்தோ கொஞ்சம் எடுத்துப் புதுசா வெச்சுக் கட்டுறாங்க. அது எலும்போட பிடிச்சு வலுவாகுறதுக்கு ஒன்பது மாசமாவது ஆகும், வளர்ற பசங்களுக்கு டாக்டர் இன்னும் கூடவே சொல்வார். வான் டைக்குக்கு அக்டோபர் 30-ல ஆபரேஷன், அடுத்த ஜூலை 29-லதான் பிராக்டிஸ் மேட்ச்ல இறங்கினார், நடுவுல யூரோ (ஐரோப்பிய நாடுகள் கோப்பை) வந்துச்சு, போகலை. அதுக்கப்புறம் லிவர்பூல் கேப்டனே ஆகி லீக் ஜெயிச்சார். உங்க பையன்கிட்ட இதைச் சொல்லுங்க. மூணாவது மாசம் வலி போயிடும், ஓடலாம் போல இருக்கும், தொடை சதை வத்திப் போயிருக்குறது வெளிய தெரியாது, அப்பதான் பசங்க ஏமாந்து இறங்கிடுறாங்க. பிசியோ சொல்ற வரைக்கும் பந்தைக் கண்ணுல காட்டாதீங்க.

அந்த வீடியோவை அழிக்கச் சொல்லுங்க. முடிஞ்சா மோதின பையனை வீட்டுக்கு வரச் சொல்லுங்கம்மா. அவனும் 14 வயசுதான், அவனும் தூங்கியிருக்க மாட்டான். 2004-ல பெங்களூரு ஃபெடரேஷன் கப் ஃபைனல்ல கோவா டீம் டெம்போவோட கிறிஸ்டியானோ ஜூனியர் மோதி விழுந்து இறந்துபோனார், மோதின மோகன் பகான் கோல்கீப்பர் சுப்ரதா பாலுக்கு அப்ப 18 வயசு. நாடே திட்டுச்சு. அந்தப் பையன் எப்படித் தாங்கினானோ, பின்னாடி இந்தியாவோட முதல் கோல்கீப்பரா 2011 ஆசியக் கோப்பையில நின்னார்.

கேள்வி: நீங்க எதிர் டீம் ஆளு விழுந்து சந்தோஷப்பட்டதே இல்லையா? உண்மையைச் சொல்லுங்க. (திருச்சி)

பதில்: பட்டிருக்கேன். காலேஜ் முடிச்ச புதுசு, பக்கத்துப் பக்கத்து ஏரியா, ரெண்டு டீமுக்கும் ஆகாது, செவன்ஸ் (பக்கத்துக்கு ஏழு பேர்) டோர்னமென்ட் செமி ஃபைனல். அவங்க சென்டர் ஃபார்வர்டு எங்களுக்கு ரெண்டு கோல் போட்டுட்டான், மூணாவதுக்கு வர்றப்ப எங்க பேக் போய் மோதினான். விழுந்ததும் லைனுக்கு வெளிய இருந்த நாங்க அத்தனை பேரும் விசில் அடிச்சோம். நான் சத்தமாவே அடிச்சேன். அவன் எழுந்திருக்கலை. கிட்டப் போய்ப் பார்த்தா ஷின் கார்டுக்குப் பதிலா ஸ்டாக்கிங்க்ஸுக்குள்ள அட்டையை மடிச்சு வெச்சிருந்தான், அந்த அட்டை ரெண்டா மடங்கி இருந்துச்சு, காலும்தான். எங்க பசங்களே கார்னர் கொடிக் கம்பைப் பிடுங்கி வெச்சுக் கட்டினாங்க, நான் தலையைப் பிடிச்சுக்கிட்டேன், ஆட்டோ வர்ற வரைக்கும் என் மடியிலதான் இருந்தான். நான்தான் விசில் அடிச்சேன்னு அவனுக்குத் தெரியாது. என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுட்டிருந்தான், "அண்ணே, பால் உள்ள போச்சா?"

உள்ள போகலை. போச்சுடானு சொன்னேன்.