சீனப் பூர்வீகத்தை வெளிநாட்டிலிருந்து தேட எங்கே ஆரம்பிப்பது?

கொள்ளுத்தாத்தா சீனாவிலிருந்து பினாங்குக்கு வந்தவர், குடும்பப் பெயர் 'இங்', வேறு விவரம் கிடையாது, சீனமும் படிக்க வராது, எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் மனைவி பினாங்கில் ஹொக்கியன் என்ற சீனப் பேச்சு வழக்கு பேசும் குடும்பம். அவர்கள் பூர்வீகத்தைத் தேடியபோது கூடவே அலைந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இணையத்தில் பெயரைத் தட்டித் தேடுவதைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். முதலில் வேண்டியவை இரண்டு. ஒன்று, அவர் பெயர் சீன எழுத்தில். இன்னொன்று, அவருடைய சொந்தக் கிராமம். மாகாணம் மட்டும் தெரிந்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஆங்கில எழுத்தில் உள்ள பெயரை நம்பி இறங்க முடியாது. லிம், லாம், லின் மூன்றும் பெரும்பாலும் ஒரே குடும்பப் பெயர்தான். பேச்சு வழக்குக்கு ஏற்ப உச்சரிப்பு மாறுகிறது. உங்கள் 'இங்' விஷயம் நேர் எதிர். ஹொக்கியன், தியோசூ வழக்கு பேசும் குடும்பம் என்றால் அநேகமாக அது பொதுச் சீன மொழியான மாண்டரினில் 'ஹுவாங்'. கன்டனீஸ் என்றால் 'வூ'. இரண்டும் வேறு வேறு வம்சம். ஆகவே பாட்டி வீட்டில் எந்தச் சீனம் பேசினார்கள் என்று பெரியவர்களிடம் இன்றைக்கே கேட்டு வையுங்கள்.

அப்புறம் கல்லறை. என்னைக் கேட்டால் இதைவிட நல்ல ஆவணம் இல்லை. மலேசியா, சிங்கப்பூர் பக்கத்துப் பழைய சீனக் கல்லறைகளில் நடு வரிசையில் மேலிருந்து கீழாக இறந்தவர் பெயர் இருக்கும். ஓரத்தில் பிள்ளைகள் பெயர். உச்சியில் பெரும்பாலும் இரண்டு எழுத்து தனியாக இருக்கும். அதுதான் அவர் வந்த மாவட்டம். 'மின்குவோ 25' என்பது போல சீனக் குடியரசு ஆண்டுக் கணக்கில் வருடம் இருந்தால் 1911ஐக் கூட்டுங்கள், 1936 வந்துவிடும். எழுத்து தேய்ந்திருந்தால் மாவு, சாக்பீஸ் எதுவும் பூச வேண்டாம். தண்ணீர் தெளித்து, போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுத்தால் போதும். எந்தக் கல்லறை என்றே தெரியாவிட்டால் முன்னோர் கல்லறைக்குப் போய் வணங்கும் சிங்மிங் நாள் ஏப்ரல் தொடக்கத்தில் வரும், அந்தச் சமயத்தில் சொந்தக்காரர்களோடு ஒட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

வீட்டில் முன்னோர் பெயர் எழுதி வைத்து வணங்கும் பலகை இருந்தால் அதையும் பாருங்கள். சிலவற்றில் உள்ளே இன்னொரு பலகை செருகியிருக்கும். பிறந்த, இறந்த நேரம் அதில் இருக்கும். பெரியவர்கள் சம்மதிக்காமல் திறக்காதீர்கள்.

மாவட்டப் பெயர் கிடைத்ததும் இன்றைய வரைபடத்தில் தேடினால் அகப்படாமல் போகலாம். பினாங்கில் 'கூ கொங்சி' என்ற குலச் சங்கத்துக்காரர்களின் பூர்வீகமான ஹாய்செங் மாவட்டம் 1960இல் பக்கத்து மாவட்டத்தோடு சேர்ந்து லோங்ஹாய் ஆகிவிட்டது. இந்த மாதிரிச் சிக்கலுக்கு ஊர்ச் சங்கங்களும் குலச் சங்கங்களும்தான் சரியான இடம். அங்கே உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர் கல்லறைப் படத்தைப் பார்த்துச் சொல்வதை எந்தச் செயலியும் சொல்லாது.

கடைசியில்தான் 'சூபு' எனும் வம்சாவளி நூல். கலாசாரப் புரட்சியில் நிறைய அழிந்தன. 1980களுக்குப் பிறகு பல கிராமங்களில் புதிதாகத் தொகுத்திருக்கிறார்கள். ஃபேமிலிசர்ச் தளத்தில் ஏராளமான வம்சாவளி நூல்களை இலவசமாகப் பார்க்கலாம். பழைய நூல்களில் மகள்கள் பெயர் பெரும்பாலும் இருக்காது, மனைவி என்றால் குடும்பப் பெயர் மட்டும் இருக்கும். அதனால் பாட்டியைத் தேடாமல் அவருடைய அப்பாவையும் அண்ணன் தம்பிகளையும் தேடுங்கள். ஒரே தலைமுறை ஆண்களின் பெயரில் ஓர் எழுத்து பொதுவாக வரும் வழக்கம் உண்டு. அது பொருந்தினால் சரியான குடும்பத்தை நெருங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

டிஎன்ஏ சோதனை கிராமத்தைக் காட்டாது. ஆனால் மலாயாவில் தமிழ்க் குடும்பங்கள் தத்தெடுத்து வளர்த்த சீனப் பெண் குழந்தைகள் பலர் உண்டு. உங்கள் பாட்டி அப்படி வந்தவராக இருந்து, பெற்றவர்கள் பெயரே தெரியாது என்றால், மேலே சொன்ன வரிசை உதவாது. அப்போது மட்டும் பிறப்புப் பத்திரத்தையும் டிஎன்ஏவையும் முதலில் பாருங்கள்.