பிரிட்ஜ் கேள்வி–பதில்: நோட்டுப்புத்தகத்தின் மூன்றாவது வரி

கேள்வி: நானும் என் பார்ட்னரும் எட்டு மாதமாகப் பிரிட்ஜ் சீட்டாட்டம் சேர்ந்து ஆடுகிறோம். பதினொரு கன்வென்ஷன் (ஏலத்தில் ஒரு கேட்புக்குத் தனிப் பொருள் தரும் ஒப்பந்தம்) படித்து வைத்திருக்கிறோம். போன வாரம் ஏலத்தில் நான் 1 நோ ட்ரம்ப் (துருப்பு இல்லாமல் 7 பிடி எடுப்போம் என்பது) கேட்டேன். அடுத்து இருந்த எதிரணிக்காரர் டபுள் (தோற்றால் இழப்பு கூடும்) சொன்னார். பார்ட்னர் 2 கிளப் கேட்டார். அது ஸ்டேமன் (நான்கு ஹார்ட்டோ நான்கு ஸ்பேடோ உண்டா என்று விசாரிக்கும் கன்வென்ஷன்) என்று எடுத்துக்கொண்டு நான் 2 ஹார்ட் சொன்னேன். அவர் கையில் ஆறு கிளப்பும் ஒரே ஒரு ஹார்ட்டும்தான்! 3 கிளப்புக்கு ஓடினார், அதற்கும் டபுள் விழுந்தது. 9 பிடி வேண்டிய இடத்தில் 7 பிடிதான் வந்தது. நாங்கள் வல்னரபிள் (தோற்றால் கூடுதல் பாயின்ட் போகும் நிலை) இல்லை. தப்பு யார் மேல்?

பதில்: உங்கள் சீட்டை வைத்துப் பார்த்தால் நீங்கள் சொன்னது சரி. அவர் சீட்டை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதும் சரி. 2 கிளப்பிலேயே நின்றிருந்தால் அதே 7 பிடிக்கு 50 பாயின்ட்தான் போயிருக்கும். நீங்கள் கொடுத்தது 300. அந்த 250 பாயின்ட், டபுளுக்குப் பிறகும் ஸ்டேமன் உண்டா இல்லையா என்று ஒருமுறைகூடப் பேசாததற்கு நீங்கள் கொடுத்த விலை.

எனக்கு இதில் நல்ல அனுபவம் உண்டு. என் பார்ட்னரோடு சேர்ந்து ஆட ஆரம்பித்து 22 வருடம் ஆகிறது. முதல் வருடம் முழுக்க எங்களுக்கும் இதே கதைதான். பெயர் தெரியும்: ஸ்டேமன், டிரான்ஸ்ஃபர் (அடுத்த சீட்டு வகை என்னிடம் நீளம் என்று காட்டும் கேட்பு), பிளாக்வுட் (ஏஸ் எத்தனை என்று விசாரிப்பது). எதிரணி நடுவே வாயைத் திறந்ததும் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவோம். அப்புறம் ஒரு நாள் நோட்டுப்புத்தகத்தோடு உட்கார்ந்தோம். ஒவ்வொரு கன்வென்ஷனுக்கும் மூன்று வரி. முதல் வரி, எப்போது கேட்பது. இரண்டாவது, அதற்கு என்னென்ன பதில். மூன்றாவது, எதிரணி குறுக்கே வந்தால் என்ன ஆகும். மூன்றாவது வரியை எழுத முடியாத கன்வென்ஷனை அடித்துவிட்டோம். பதினான்கில் ஐந்துதான் தேறியது: ஸ்டேமன், டிரான்ஸ்ஃபர், டேக்அவுட் டபுள் (பார்ட்னரை வேறு சீட்டு வகை கேட்கச் சொல்வது), நெகட்டிவ் டபுள் (எதிரணி குறுக்கே கேட்டதும், இன்னும் யாரும் கேட்காத சீட்டு வகைகளைக் காட்டுவது), பிளாக்வுட். அடுத்த மூன்று வருடம் அந்த ஐந்தை வைத்தே ஆடினோம். அதற்கு முன்பு ஆடியதைவிட எவ்வளவோ நன்றாக ஆடினோம்.

உங்கள் விபத்து நடந்த பக்கத்தை மட்டும் எங்கள் நோட்டிலிருந்து சொல்கிறேன். 1 நோ ட்ரம்ப் என்றால், பெரிய சீட்டுகளின் மதிப்பைக் கூட்டி 15 முதல் 17 பாயின்ட், சமமாகப் பிரிந்த கை. பார்ட்னரிடம் 8 அல்லது 9 இருந்தால் கேமுக்கு (போனஸ் தரும் உயர்ந்த கேட்பு) அழைத்துப் பார்ப்பார்; 10 இருந்தால் கேமே. இரண்டு கையும் சேர்ந்து 25 இருந்தால் 3 நோ ட்ரம்ப் பெரும்பாலும் வரும் என்பதுதான் கணக்கு. இதற்குமேல் எதிரணி டபுள் சொன்னால் எங்களுக்கு எல்லாக் கன்வென்ஷனும் ரத்து. 2 கிளப் என்றால் கிளப், 2 டைமண்ட் என்றால் டைமண்ட். ‘என்னிடம் பலம் இல்லை, இதிலேயே நிறுத்து’ என்று பொருள். ரீடபுள் (டபுளை மறுபடி இரட்டிப்பது) என்றால் பலம் நம் பக்கம்.

எதிரணி 2 கிளப் கேட்டால் கதை வேறு. அவர்கள் நம்மிடமிருந்து பறித்தது 2 கிளப் என்ற ஒரே ஒரு கேட்பைத்தான். அதனால் டபுள்தான் ஸ்டேமன். மற்றதெல்லாம் குறுக்கீடே இல்லாதது போல அப்படியே நடக்கும். 2 டைமண்டும் அதற்கு மேலும் கேட்டால் மறுபடி எல்லாம் ரத்து. நாம் இரண்டாம் படியில் (2 என்று) கேட்டால் பார்ட்னர் அங்கேயே நிற்க வேண்டும், மூன்றாம் படியில் கேட்டால் பார்ட்னர் பாஸ் சொல்லக்கூடாது, டபுள் டேக்அவுட். இந்த இடத்துக்கு லெபன்சோல் என்ற அருமையான கருவி இருக்கிறது. ஆனால் அதைப் பேசி முடிக்கவே ஒரு முழு மாலை வேண்டும். அந்த மாலை கிடைக்கும்வரை தொடாதீர்கள்.

நெகட்டிவ் டபுளுக்கு மூன்றாவது வரி, அது எந்த உயரம்வரை என்பது. எங்களுக்கு 3 ஸ்பேட் வரை. அதற்கு மேல் டபுள் சொன்னால் அது எதிரணியைத் தோற்கடிக்கும் தண்டனை டபுள்.

கடைசிப் பக்கத்தில் ஒரு பொது விதியும் எழுதி வைத்தோம்: நாம் பேசாத கேட்பு எதுவானாலும் இயல்பான பொருள்தான். டைமண்ட் கேட்டால் டைமண்ட் இருக்கிறது. ‘இதற்கு ஏதாவது தந்திரப் பொருள் இருக்குமோ’ என்று மேஜையில் உட்கார்ந்து யோசிக்கவே கூடாது. எங்களை அதிகம் காப்பாற்றியது இந்த ஒரு வரிதான்.

கேள்வி: ஏலத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். தடுப்பாட்டத்தில் (எதிரணி ஏலம் எடுத்து ஆடும்போது) எங்களுக்குள் இருக்கும் ஒரே ஒப்பந்தம், ‘பெரிய சீட்டுப் போட்டால் இந்தச் சீட்டு வகை எனக்குப் பிடிக்கும், சின்னது போட்டால் பிடிக்காது’ என்பதுதான். போதுமா?

பதில்: போதாது. இந்தக் கேள்வி வருவதே அபூர்வம், அதனால் சந்தோஷமாகச் சொல்கிறேன். ஏறக்குறைய பாதி ஆட்டத்தில் நீங்கள் தடுப்பவர்கள். டிக்ளேரருக்கு (ஏலம் எடுத்து ஆடுபவர்) தன் கையும் டம்மியும் (மேஜையில் விரித்து வைத்த அவர் பார்ட்னரின் கை) தெரியும். உங்களுக்கோ பார்ட்னர் போடும் சீட்டுதான் கண்.

எனக்கு இன்னும் மறக்காத ஒரு கை. எதிரணி ஸ்பேடைத் துருப்பாக வைத்து 4 ஸ்பேட் (10 பிடி) ஆடினார்கள். என்னிடம் ஹார்ட்டில் ஏஸ், ராஜா, 8, 5. ஏஸைப் போட்டுத் தொடங்கினேன். டம்மியில் 10, 6, 3. பார்ட்னர் 4 போட்டார், டிக்ளேரர் 7. நாலுதானே, சின்னது, பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று டைமண்டுக்கு மாறினேன். பார்ட்னரிடம் ஹார்ட்டில் இருந்தது 4, 2 மட்டும். ராஜாவைப் போட்டு மூன்றாவது ஹார்ட்டும் போட்டிருந்தால் அவர் துருப்பால் வெட்டியிருப்பார். என் கிளப் ஏஸோடு சேர்த்து நான்கு பிடி, ஆட்டம் விழுந்திருக்கும். டிக்ளேரர் துருப்பை உருவிவிட்டு 10 பிடி எடுத்துக்கொண்டார்.

நான் பார்த்திருக்க வேண்டியது இரண்டை. அது என் கையிலும் இல்லை, டம்மியிலும் இல்லை, டிக்ளேரரும் போடவில்லை. அப்படியானால் 4 ‘பெரிய’ சீட்டாகவே இருக்கலாம். ஒரு சீட்டு பெரியதா சின்னதா என்பதை அதன் எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் அதைவிடச் சின்னச் சீட்டுகளைத் தேடுங்கள்.

அந்தக் கைக்குப் பிறகு நாங்கள் தலைகீழ் முறைக்கு மாறினோம்: சின்னது போட்டால் பிடிக்கும். அந்த முறையில் பார்ட்னர் இரண்டைப் போட்டிருப்பார், இரண்டைவிடச் சின்னது எதுவும் கிடையாது, எனக்குச் சந்தேகமே வந்திருக்காது. பெரிய சீட்டை வீணாக்காமல் ஆசையைச் சொல்லவும் இது உதவும். பழைய முறையும் நல்ல முறைதான். இரண்டில் எது என்பதை இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

அதோடு, எப்போது எந்தச் சைகை என்பதையும் முடிவு செய்யுங்கள். பார்ட்னர் தொடங்கிய சூட்டில் (சீட்டு வகையில்) நான் போடுவது பிடிக்குமா பிடிக்காதா என்பது. டிக்ளேரர் தொடங்கிய சூட்டில் போடுவது எண்ணிக்கை: என்னிடம் இரட்டைப்படையா, ஒற்றைப்படையா. பார்ட்னர் வெட்டட்டும் என்று ஒரு சீட்டைக் கொடுக்கும்போது அந்தச் சீட்டே வழி சொல்லும்: பெரிய சீட்டு என்றால் மீதியுள்ள சூட்களில் மதிப்பில் மேலே இருப்பதை ஆடு, சின்னது என்றால் கீழே இருப்பதை. துருப்பை இதில் சேர்ப்பதில்லை.

நோ ட்ரம்புக்கு எதிராக நீண்ட சூட்டில் நான்காவது பெரிய சீட்டைப் போட்டுத் தொடங்குவதாக வைத்திருந்தால், பதினொன்று விதி இலவசமாகக் கிடைக்கும். பார்ட்னர் 6 போட்டுத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 11-இல் 6 போக 5. மற்ற மூன்று கைகளிலும் சேர்த்து ஆறுக்கு மேல் ஐந்து சீட்டு. டம்மியில் ராணி, 9, 2. உங்களிடம் ஏஸ், 10, 7. ஐந்தும் வந்துவிட்டது! டிக்ளேரரிடம் ஆறை மிஞ்ச ஒன்றுமில்லை. டம்மி இரண்டைப் போட்டால் நீங்கள் வெறும் ஏழைப் போட்டே பிடிக்கலாம். முதல்முறை இப்படிப் பிடித்தபோது எனக்கு வந்த ஆனந்தம் இன்னும் நினைவில் இருக்கிறது.

கேள்வி: ஸ்டேமன் கன்வென்ஷனைக் கண்டுபிடித்தது ஸ்டேமன்தானா?

பதில்: அவருடைய பார்ட்னர் ஜார்ஜ் ராப்பே உருவாக்கியது. சாம் ஸ்டேமன் 1945-இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார், பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது.

கேள்வி: இவ்வளவு கஷ்டப்பட்டுப் பேசி வைத்ததை எதிரணி கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டுமா? ரகசியமாக வைத்துக்கொள்ளக் கூடாதா?

பதில்: சொல்லியே ஆக வேண்டும். ஜோடிக்குள் ரகசிய ஒப்பந்தம் வைத்துக்கொள்ள விதி இடம் தராது, அது நியாயமும்தான். நீங்கள் சொல்ல வேண்டியது பேசி வைத்ததை மட்டும். உங்கள் கையில் என்ன இருக்கிறது என்பதை அல்ல. நேரில் மேஜையில் ஆடும்போது ஒரு கேட்புக்கு விளக்கம் தருபவர் அந்தக் கேட்பைச் சொன்னவருடைய பார்ட்னர். இணையத்தில் பெரும்பாலும் கேட்பைச் சொன்னவரே விளக்க வேண்டியிருக்கும்.

பார்ட்னர் தப்பாக விளக்கிவிட்டால் ஏலம் நடக்கும்போது முகத்தில் காட்டக்கூடாது, திருத்தவும் கூடாது. ஆட்டம் உங்கள் பக்கம் வந்தால், ஏலம் முடிந்ததும் முதல் சீட்டு விழுவதற்கு முன் டைரக்டரை (போட்டி நடுவரை) அழைத்துச் சொல்லுங்கள். நீங்கள் தடுப்பவர்களாக இருந்தால் ஆடி முடித்த பிறகுதான் சொல்ல வேண்டும். முன்பே சொன்னால் பார்ட்னருக்குத் துப்புக் கொடுத்ததாகிவிடும். அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திருத்திவிடுங்கள்.