படகைத் தட்டிப் பார்த்தீர்களா?

அன்புள்ள அக்கா,

பத்து மாவுங் பக்கம் ஒரு பழைய பாய்மரப் படகு விலைக்கு வந்திருக்கிறது. 27 அடி, ஃபைபர் கிளாஸ், 1978-இல் கட்டியது. ஆறு வருடமாகக் கரையில் ஒரு மரத்தடியில் நிற்கிறது. 9,000 ரிங்கிட் கேட்கிறார்கள். எனக்கு 48 வயது, சின்ன வயதிலிருந்தே கடல் ஆசை. அந்தக் காலத்துப் படகு கனமாகச் செய்தது, ஒன்றும் ஆகாது என்கிறார்கள். நண்பர்களுக்குப் படம் அனுப்பினேன், எல்லாருமே "வாங்கு, சரிபண்ணிடலாம்" என்றார்கள். எஞ்சின் ஓடவில்லை, மாற்றுவதா, ரிப்பேர் செய்வதா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை. வாங்கலாமா?

ஒரு வாசகர், பினாங்கு

அன்புள்ள தம்பி,

எஞ்சினை விடுங்கள். நல்ல மெக்கானிக் ஒருவர் அரை நாளில் சொல்லிவிடுவார். "சரிபண்ணிடலாம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்தப் பதில். போன வாரம் அப்பாவின் திதி. அன்றிலிருந்து அதே சொல்லைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கனமாகச் செய்தது என்பது சரி. அந்தக் காலப் படகின் அடிப்பாகம் பெரும்பாலும் தாங்கும். மேல்தளத்தைப் பற்றி யாராவது பேசினார்களா? பல படகுகளில் அது முழு ஃபைபர் இல்லை. எடை குறைய, இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே பால்சா மரமோ பிளைவுட்டோ வைத்திருப்பார்கள். தளத்தில் இறக்கிய ஒவ்வொரு ஸ்குரூவைச் சுற்றியும் பூசிய பசை காய்ந்து வெடித்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். இறங்கிய தண்ணீர் வெளியே வராது. உப்புத் தண்ணீரைவிட மழைத் தண்ணீரில்தான் மரம் சீக்கிரம் இற்றுப்போகும். பினாங்கு மழையில், இலை அடைத்த வடிகாலோடு, ஆறு வருடம்!

பிளாஸ்டிக் தலை வைத்த சின்னச் சுத்தியலால் ஒரு சாண் இடம் விடாமல் தட்டுங்கள். நல்ல இடம் "டக்" என்று கணீரெனக் கேட்கும். இற்ற இடம் "பொத்" என்னும். பாய்மரத்தின் அடியில் இன்னும் கவனமாகத் தட்டுங்கள். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளைப் பிடித்திருக்கும் பட்டைகள் தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தையும் விடாதீர்கள். அந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டை வெளியே பளபளக்கும், தளத்துக்குள் மறைந்த இடத்தில்தான் அரித்து விரிசல் விடும். பாய்மரக் கம்பிகளையே பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். கம்பி, பாய், எஞ்சின் என்று ஒவ்வொன்றும் தனியாகவே உங்கள் 9,000-ஐத் தாண்டிவிடக்கூடும். எல்லாம் செய்து முடித்தாலும், விற்கும்போது அது 1978-ஆம் வருடப் படகுதான்.

அப்பா பினாங்கு வெல்ட் கீ படகுத் துறையில் தொங்கான் என்கிற மரச் சரக்குப் படகுகளுக்குக் கலப்பத்து வேலை, அதாவது பலகை இடுக்குகளை அடைக்கும் வேலை, செய்தவர். பலகை இடுக்கில் திரி அடைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு பலகையையும் தட்டிப் பார்ப்பார். கடல் புழு ஊசிமுனை அளவு துளையில் நுழைந்து உள்ளே பலகையைத் தேன்கூடாக்கிவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. 1969-இல் பினாங்குக்குச் சுங்கவரி இல்லாத துறைமுகம் என்ற அந்தஸ்து போனது. வேலை குறைந்துகொண்டே வந்த அந்த நாட்களில் அப்பாவின் கூட்டாளி ஒருவர், நாங்கள் நாகூர் மாமா என்று கூப்பிடுவோம், பழைய மரப்படகு ஒன்றை மலிவாகப் பேசி வைத்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன். அப்பா முன்பக்க அணியத்திலிருந்து பின்பக்க அமரம் வரை தட்டிக்கொண்டே போனார். மாமா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு பின்னால் நடந்தார். கடைசியில் அப்பா, "நாலு பலகை மாத்தினா சரிபண்ணிடலாம்" என்றார்.

நாலு பலகை பதினொன்றானது. மூன்று வருடம். மாமியின் சங்கிலி போனது, பிறகு வளையல். படகு தண்ணீரைத் தொடவே இல்லை. விறகுக்குத்தான் உடைத்தார்கள். அப்பா கடைசிக் காலத்தில் ஒருநாள் திடீரென்று என்னிடம் சொன்னார்: "அன்னைக்கே எனக்குக் கேட்டுச்சும்மா. அவன் மூஞ்சியப் பாத்து சொல்ல முடியல."

உங்கள் நண்பர்களுக்கு அது கேட்கக்கூட இல்லை, தம்பி. போனில் படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லிவிட்டார்கள். உங்கள் மேல் பிரியம்தான், ஆனால் அவர்கள் காசு ஒரு சென்னும் அதில் இல்லை. உங்களுக்கு வேண்டியது உங்கள் மூஞ்சியைப் பார்த்து "வேண்டாம்" என்று சொல்லக்கூடிய ஒரு ஆள். அப்படி ஒருவர் வீட்டிலேயே இருக்கிறார், அவரிடம்தான் மறைத்து வைத்திருக்கிறீர்கள். இது எனக்குப் பிடிக்கவே இல்லை. நாகூர் மாமாவும் பலகை வாங்கிய பிறகுதான் மாமியிடம் சொன்னார்.

ஆசைக்கு வெட்கப்படாதீர்கள். 48 ஒரு வயதா? ராஜா மூடா பாய்மரப் படகுப் போட்டிக்காரர்கள் வழக்கமாக நவம்பரில் பினாங்கு வழியாகப் போவார்கள். அப்போது போய்ப் பாய் கட்டுகிறவர்களிடம் பேசுங்கள். முதலில் யாருடைய படகிலாவது ஏறிப் பழகுங்கள். படகு வாங்காமலும் கடலுக்குப் போகலாம்.

வாங்கலாமா என்றால், என் மனம் இப்போதைக்கு வேண்டாம் என்கிறது. ஆனால் நானும் நீங்கள் அனுப்பிய படத்தைத்தான் பார்த்திருக்கிறேன். இந்த ஞாயிறு வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். தட்டுவது நீங்கள், கேட்பது அவர். அந்தப் படகு மேல் ஆசை இல்லாத காது அவருடையது. சாக்பீஸ் எடுத்துப் போய், அவர் "இங்கே" என்கிற இடத்திலெல்லாம் வட்டம் போடுங்கள். அந்த வட்டங்களைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா