‘பெலத்துப் பாடுங்கோ’ என்றால் ஏன் கத்துகிறார்கள்?

கேள்வி: முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். பிள்ளைகளுக்கு மூன்று முதல் ஐந்து வயது. ‘பெலத்துப் பாடுங்கோ’ என்றால் வகுப்பே கத்துகிறது. ‘மெதுவாப் பாடுங்கோ’ என்றால் இழுத்து இழுத்துப் பாடுகிறார்கள், சிலர் வாயையே மூடிவிடுகிறார்கள். ஒரு பிள்ளை மேளச் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு மூலைக்குப் போய்விடும். எங்களிடம் இசைக்கருவி எதுவும் இல்லை. வருட முடிவில் கலைவிழாவும் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: கருவி இல்லாத கவலையை முதலில் விடுங்கள். இந்தப் பாடத்துக்கு அது ஒரு குறையே இல்லை.

உங்கள் பிள்ளைகள் பெலத்துப் பாடும்போது கூர்ந்து கேளுங்கள். கூடுவது சத்தம் மட்டும் இல்லை. சுருதி மேலே ஏறும், வேகமும் பிடிக்கும். குறைக்கச் சொன்னால் மூன்றும் சேர்ந்து இறங்கும். கோபத்தில் கதைக்கிற பெரியவர்களுக்கும் இதேதான் நடக்கிறது, ஆகவே பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. நீங்கள் பழக்க வேண்டியது ஒன்றுதான்: வேகமும் சுருதியும் இருந்தபடி இருக்க, சத்தம் மட்டும் மாற வேண்டும். அதற்கு வசதியாக ‘மெதுவா’ என்று சொல்வதைக் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள். மெதுவாப் பாடச் சொன்னதால்தான் பிள்ளை இழுக்கிறது. ‘பெரிய சத்தம்’, ‘சின்னச் சத்தம்’ போதும்.

தொடங்கும்போது சின்னச் சத்தத்தில் தொடங்குங்கள். பெரிய சத்தம் அவர்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஒரு திறப்புக் கோர்வையை எடுங்கள். பிள்ளைகள் வட்டமாக இருக்கட்டும். நடுவில் ஒரு பிள்ளை தூங்குகிற யானை. கண்ணைத் தன் கையாலேயே மூடிக்கொள்ளும். (துணியால் கட்ட வேண்டாம், சின்னவர்கள் சிலர் பயப்படுவார்கள்.) திறப்புக் கோர்வை கைமாறிக் கைமாறி வட்டத்தைச் சுற்ற வேண்டும். யானைக்குச் சத்தம் கேட்டால் அது விரலை அந்தப் பக்கம் நீட்டும். முதல் சுற்றில் எல்லோரும் அவசரப்படுவார்கள், கலகலவென்று கேட்கும். நீங்கள் வாய் திறக்காதீர்கள். சற்று நேரத்தில் யாராவது ஒரு பிள்ளை திறப்புகளை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்தி, அடுத்த பிள்ளையின் கைக்குள் அப்படியே இறக்கிவைக்கும். மற்றவர்கள் அதைப் பார்த்துச் செய்வார்கள். சின்னச் சத்தத்துக்குத்தான் கூடுதல் கட்டுப்பாடு வேண்டும் என்பதை அவர்களின் கை அறிந்துகொள்ளும் இடம் அது.

பிறகு அதே யானைக்குப் பக்கத்தில் ஒரு வரி பாடச் சொல்லுங்கள், யானை எழும்பக்கூடாது. இங்கேதான் பாதிப் பேர் குசுகுசுப்பார்கள். குசுகுசுப்பது பாட்டு இல்லை. விரலைத் தொண்டையில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: பாடும்போது உள்ளே அதிர்வு தெரியும், குசுகுசுக்கும்போது தெரியாது. ‘அதிர்வு இருக்க வேணும், யானையும் எழும்பக்கூடாது’ என்றால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே விளங்கும். மூன்று வயதுக்குக் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

சத்தத்தைக் கண்ணாலும் காட்டலாம். ஒரு பால்மாப் பேணியின் வாயில் கிழிந்த பலூனை இழுத்து ரப்பர் வளையத்தால் கட்டி, மேலே நாலைந்து அரிசி போடுங்கள். விரல் நுனியால் பலூனின் ஓரத்தில் தட்டினால் அரிசி சற்றே நகரும்; ஓங்கித் தட்டினால் துள்ளி விழும். பலூன் தோல் எவ்வளவு அகலமாக ஆடுகிறதோ அவ்வளவு பெரிய சத்தம் என்ற விஞ்ஞானத்தை நீங்கள் சொல்லத் தேவையே இல்லை. வெறும் தண்ணீர்ப் போத்தலில் நெல்லோ பயறோ புளியங்கொட்டையோ போட்டுக் குலுக்குவதும் நல்லதுதான். ஆனால் மூடியை ஒட்டுநாடா சுற்றி இறுக்கிவிடுங்கள், இந்த வயதில் விதை மூக்குக்குள் போவது சாதாரணம்.

அடுத்தது, படிப்படியாகக் கூட்டுவதும் குறைப்பதும். எனக்கு ரயில் விளையாட்டுத்தான் பிடிக்கும். மாங்குளம் ஸ்டேசனில் நிற்கிறோம் என்று சொல்லுங்கள். வவுனியா, ஓமந்தை, புளியங்குளம் என்று தூரத்திலிருந்து ரயில் வருகிறது. சின்னச் சத்தத்தில் தொடங்கி ஒவ்வொரு ஊருக்கும் சத்தம் கூடும். மாங்குளத்தில் உச்சம். முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் என்று குறைந்துகொண்டே போகும். ஊர்ப் பெயர்களை ஒரே சுருதியில் பாட வேண்டும். நீங்கள் இரண்டு சிரட்டைகளைத் தட்டித் தாளம் வையுங்கள், அந்தத் தாளம் கூடவும் கூடாது குறையவும் கூடாது. மாங்குளம் நெருங்கும்போது பிள்ளைகள் ஓடப் பார்ப்பார்கள்; கால் சிரட்டையோடு போகட்டும், குரல் மட்டும் ஏறட்டும். உங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் ரயிலைக் காணாதவர்களாக இருந்தால் லாண்ட்மாஸ்டரை (இரண்டு சில்லு உழவு இயந்திரத்தை) வைத்துச் செய்யுங்கள். விளையாட்டு பழகியதும் ஒரு பிள்ளையை முன்னால் விட்டு, கையை அகட்டினால் பெரிய சத்தம், ஒடுக்கினால் சின்னச் சத்தம் என்று வகுப்பை நடத்தவிடுங்கள். அடங்காத பிள்ளைக்கு அந்த வேலையை முதலில் கொடுங்கள்.

இனி, வெளிநாட்டிலிருந்து யாராவது ‘சின்னக் கீபோர்ட் ஒன்று அனுப்பட்டோ?’ என்று கேட்டால், விரலின் வேகத்துக்கு ஏற்பச் சத்தம் மாறுமா என்று விசாரித்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள். மலிவானவற்றில் எப்படி அழுத்தினாலும் ஒரே சத்தம்தான் வரும். 1700 அளவில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்தில் பார்த்தொலொமேயோ கிறிஸ்தோபோரி பியானோவை உருவாக்கியதே இந்தக் குறைக்காகத்தான்: அதற்கு முன் அங்கே பரவலாக இருந்த ஹார்ப்சிகோர்ட் என்ற விசைப்பலகைக் கருவியில் விரலால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க வழி இருக்கவில்லை. கோயில் பஜனையில் இருக்கும் ஆர்மோனியத்திலும் சத்தம் துருத்தி போடுகிற கையில்தான் இருக்கிறது.

காதைப் பொத்துகிற பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். சத்தத்தின் அளவைவிட அது திடீரென்று வருவதுதான் பெரும்பாலும் பயமுறுத்துகிறது. இரவில் வயல் பக்கம் யானையை விரட்டப் போடுகிற யானைவெடி கேட்கிற ஊர்களில் இது புதுமையும் இல்லை. வெடிச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் திடுக்கிடுகிற பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 2009-இல் போர் முடிந்த பிறகு பிறந்த பிள்ளையும் அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் பயத்தைப் பழகும். எனவே மேளம் ஒன்று இரவல் கிடைத்தால், அடிக்க முன்னர் சொல்லிவிட்டு அடியுங்கள். மேளத்தை வெளியே மரத்தடிக்குக் கொண்டுபோங்கள். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும், ஆகப் பிள்ளை தான் நிற்கிற இடத்தைத் தானே தெரிவு செய்யட்டும். பிறகு ஒருநாள் தடியை அதன் கையில் கொடுங்கள். தானே எழுப்புகிற சத்தத்துக்குப் பிள்ளை அவ்வளவு பயப்படாது. மிக்ஸி, மோட்டார் சைக்கிள் என்று எல்லாச் சத்தத்துக்கும் அப்படியே இருந்து, பேச்சும் பிந்தியிருந்தால் தாயிடம் சொல்லி எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையில் காட்டச் சொல்லுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எப்போதும் கத்திக் கதைக்கிற, திறப்பு விளையாட்டில் யானையாக இருந்து ஒன்றுமே கேட்காத பிள்ளை. தடிமனுக்குப் பிறகு செவிப்பறைக்குப் பின்னால் நீர் தங்குவது இந்த வயதில் அடிக்கடி நடக்கும், காது கேட்பதும் மந்தமாகும். குழப்படி என்று முடிவு கட்ட முன்னர் காதைப் பரிசோதிக்க வேண்டும்.

கலைவிழா மாரி காலத்தில் வரும். தகரக் கூரையில் மழை கொட்டும்போது பயிற்சி வைக்காதீர்கள். பிள்ளைகள் மழையோடு போட்டி போட்டுத் தொண்டையைக் கட்டவைத்துக்கொள்வார்கள். அந்த நேரம் கைச் சைகையை மட்டும் பழகலாம். தொண்டைக் கட்டு மூன்று வாரத்துக்கு மேல் நின்றால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். மேடைக்கு ஒரு பாட்டு போதும், அதில் ஒரு வரி சின்னச் சத்தம், மறு வரி பெரிய சத்தம். ‘பிள்ளையள் பாடுறது கேக்கேல்லை’ என்று பின்வரிசைப் பெற்றோர் சொல்லத்தான் செய்வார்கள். அதற்கு மைக் இருக்கிறது. சவுண்ட்காரரிடம் முதல் நாளே கதைத்து, ஸ்பீக்கர்களைப் பிள்ளைகளுக்கு முன்னால், சபையைப் பார்த்தபடி வைக்கச் சொல்லுங்கள். அவர்களின் முதுகுக்குப் பின்னால் வைத்தால் மைக் கீச்சிடும்; காதைப் பொத்துகிற பிள்ளை அதோடு மேடையை விட்டு இறங்கிவிடும்.